சோபாவில் விழுந்த விண்கல்

உட்கார்ந்த மறுநொடியே அடியில் ஏதோ சதக்கென்று அமுங்கியது. துணிக்கடை விற்பனையாளர் துள்ளி எழுந்தார். 'டைனோசர்கள் எப்படி அழிந்தன?' என்ற தலைப்பில் நாளைய பள்ளிக் கண்காட்சிக்கு மகள் செய்துவைத்திருந்த களிமண் மந்தை, சோபாவில் சப்பையாகிக் கிடந்தது.

போன வாரம்தான் மனைவியின் மூக்குக்கண்ணாடி மேல் உட்கார்ந்திருந்தார். "இன்னொரு தடவை பாக்காம உக்காந்தீங்க, அப்புறம் ஆயுசுக்கும் தரைதான்!" என்று தீர்ப்பும் ஆகியிருந்தது.

சுவரோடு முதுகை ஒட்டி நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் குரலைத் தாழ்த்தினார். "பயப்படாதீங்க மாப்ளே. விண்கல்லுன்னு சொல்லிடுங்க."

என்ன பெரிய மனசு! பூந்தொட்டியிலிருந்த ஒரு கல், மந்தையின் நடுவில் வந்து அமர்ந்தது.

"ஐயோ, என் டைனோசர்!" குளித்துவிட்டு வந்த மகள் அலறினாள்.

"விண்கல் விழுந்துடுச்சு கண்ணு. ஜன்னல் வழியா."

"ஜன்னல் சாத்தியிருக்கே?"

அவள் அம்மாவைக் கூப்பிட ஓடியதும், மாமனார் ஜன்னலைக் கண்ணால் காட்டினார். கல் பறந்தது. கண்ணாடி நொறுங்கியது.

மனைவி வந்து ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். "உள்ளே விழுந்த கல்லுக்குக் கண்ணாடி ஏங்க வெளியே சிதறியிருக்கு?"

சாயம் போன துணியையே 'இப்ப இதுதாம்மா கலர்' என்று தலையில் கட்டிவிடும் வாய் அது. இன்று குழறியது.

"எரிமலை..." என்று இருமினார் மாமனார்.

"எரிமலைதான்! புகை வந்துச்சு பாரு!" மாப்பிள்ளை பழைய பேப்பரைக் கொளுத்திக் காட்டினார். திரைச்சீலை பற்றிக்கொண்டது. மனைவி ஒரு வாளித் தண்ணீரை வீசினாள். பாதி சோபா நனைந்தது.

"வெள்ளம்கூட ஒரு காரணம்னு..." என்று ஆரம்பித்தார் மாப்பிள்ளை.

"வாயை மூடுங்க!"

மகள் தேம்பினாள். "கல்லு விழுறதுக்கு முன்னாடியே டைனோசருங்க பாதி அழிஞ்சுபோச்சுன்னு சிலர் சொல்றாங்களாம். எங்க டீச்சர் சொன்னாங்க."

"அதேதான்!" என்று அப்பா பாய்ந்து பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் திரும்புங்க" என்றாள் மனைவி.

திரும்பினார். கால்சட்டையின் பின்னால் ஒரு பச்சை வால், அச்சு அசலாக ஒட்டியிருந்தது.

"புதைபடிவம் கிடைச்சாச்சு. இறங்குங்க தரைக்கு!"

இறங்கினார். மாப்பிள்ளைக்காக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, சோபாவின் நனையாத மூலையைப் பார்த்து மாமனார் நடந்தார். அவர் முதுகு சுவரை விட்டு விலகியது அப்போதுதான்.

மகளின் அழுகை சட்டென்று நின்றது.

"அம்மா, அப்பாகிட்ட வால் மட்டும்தான் இருக்கு. தலையெல்லாம் தாத்தா பின்னாடி ஒட்டியிருக்கு!"