முன்னறிவித்தல் திருச்செல்வம்

அறிவித்துவிட்டால் கடமை முடிந்தது என்று வாழ்கிறவர்கள் ஒரு தனி ரகம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். இவர்கள் எதையும் சொல்வதில்லை, அறிவிப்பார்கள்.

கண்டியில், பெயரைச் சொன்னால் எனக்கும் ஓர் அறிவித்தல் வரும் என்பதால் சொல்லாமல் விடுகிற ஓர் அலுவலகத்தில், பன்னிரண்டு மேசைக் கணினிகளையும் அவற்றை ஆட்டிவைக்கும் பெரிய கணினியையும் கட்டி மேய்த்தவர் திருச்செல்வம். பெரியதை இடைக்கிடை நிறுத்தி மறுபடி இயக்க வேண்டும். சின்ன வேலைதான். ஆனால் அதற்கு அவர் செய்யும் ஆயத்தம் இருக்கிறதே! புதன்கிழமை நிறுத்தப்படும் என்று திங்களன்று ஓர் அறிவித்தல், அதிலிருந்த எழுத்துப்பிழையைத் திருத்திச் செவ்வாயன்று ஒன்று, வெள்ளிக்கு மாற்றப்பட்டது என்று புதனன்று ஒன்று, முன்னைய அறிவித்தல்கள் யாவும் இரத்து என்று வெள்ளியன்று மற்றொன்று. யார் வாசிப்பார்கள்? ஒருவரும் வாசிப்பதில்லை. அது அவருக்குத் தெரியாதா? தெரியும். வாசிப்பது அவர்கள் பொறுப்பு, அறிவிப்பது தன் பொறுப்பு என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

ஒருநாள் கலஹாவிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தாள் சுந்தரி, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி. மகள் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். எழுதுவினைஞர் ரபீகா நான்கு பக்கப் படிவத்தை முக்கால் மணிநேரமாகத் தட்டிக் கடைசி வரிக்கு வந்தபோது திரை கறுத்துப்போனது.

"என்னாச்சுங்க மிஸ்?" சுந்தரி எழுந்து திரையைக் குனிந்து பார்த்தாள்.

ரபீகா எழுந்து, ஏழெட்டு அடி தள்ளியிருந்த திருச்செல்வத்தின் கண்ணாடி அறைக்குள் நுழைந்தாள்.

"சேர், நிப்பாட்டப் போறண்டு ஒரு வார்த்த வந்து செல்ல ஏலாதா?"

"அறிவித்தல் அனுப்பினனான்தானே."

"எங்க?"

"உங்கட கொம்பியூட்டருக்குத்தான். பத்து மணிக்கு நிக்கும் எண்டு, சரியாப் பத்து மணிக்கு அனுப்பினனான்."

"அதுதான் நின்டிட்டே, எப்பிடி வாசிக்கிற?"

"திரும்ப வேலை செய்யேக்க வாசியுங்கோ."

கண்ணாடிக்குள்ளிருந்து அவர் சுந்தரியைக் காலையிலிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எழுந்து வந்து வாயால் சொல்வது அவருடைய பதவிக்கு ஒத்துவராத வேலை. அவ்வளவுதான்.

பெரிய கணினி அன்று மறுபடி எழும்பவே இல்லை. ரபீகா ஒரு தாள் படிவத்தை எடுத்து, பெட்டி பெட்டியாகக் கையால் நிரப்பி, சுந்தரியையும் ஏற்றிக்கொண்டு முச்சக்கர வண்டியில் பயிற்சிக் காரியாலயத்துக்கே போனாள். அங்கிருந்தவர் முணுமுணுத்தார், ஆனாலும் முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் சுந்தரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்களுக்கு ஏச்சு விழாதுங்களா மிஸ்?"

"விழுந்தாப் பார்ப்பம்."

விழுந்தது. அடுத்தநாள் காலை மேலதிகாரியின் மேசையில் திருச்செல்வத்தின் முறைப்பாடு, மூன்று பிரதிகளில்: 'மேற்படி உத்தியோகத்தர் முன்னறிவித்தல் இன்றி ஆசனத்தை விட்டு வெளியேறியுள்ளார்.' மேலதிகாரி வாசித்தார். ரபீகாவுக்கு அரைநாள் லீவு வெட்டு விழுந்தது. சுந்தரியின் மகளுக்கு இடம் கிடைத்தது. திருச்செல்வம் அடுத்த நிறுத்தத்துக்கு அறிவித்தல் எழுதத் தொடங்கினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நேற்று உங்கள் வீட்டில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோது, "நான் அப்பவே சொன்னேனே" என்று கதிரையை விட்டு எழும்பாமல் சொன்னது யார்?