சிவப்புப் பூ பேசிக்கா, அசெம்ப்ளியா?

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றுதான். மாரியம்மன் கோயிலில் பூ போட்டுப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

என் பிள்ளைகள் ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சொத்துத் தகராறா? அதெல்லாம் இல்லை. டிவியில் மாட்டுகிற கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு எழுதுகிறார்கள். அதை எந்தக் கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவது, பேசிக்கா அசெம்ப்ளியா என்று தகராறு!

கோட்டை, சுரங்கம், துரத்துகிற ராட்சசன் என்று பெரிய விளையாட்டு. வெள்ளிக்கிழமை புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் ஓட்டிக் காட்டினால் ரெண்டு பேருக்கும் வேலை. இல்லாவிட்டால் பெரியவன் பம்பாய்க்குப் போய்விடுவானாம். அந்த நினைப்பிலேயே எனக்குச் சோறு இறங்கவில்லை.

"பேசிக்ல எழுதுனா சீக்கிரம் முடியும்னு அவங்கிட்ட சொல்லும்மா," என்பான் பெரியவன் ராசு.

"முடியும். ராட்சசன் செக்குமாடு மாதிரி நடப்பான்னு சொல்லு," என்பான் சின்னவன் குமார். "அசெம்ப்ளில எழுதுனா பறப்பான்."

"அதுல ஒரு எழுத்து தப்பானா மிஷினே நின்னுபூடும். மொதல்லேர்ந்து அடிக்கணும். வெள்ளிக்கெழமைக்குள்ள கோட்ட வாசலக்கூட தாண்ட மாட்டான்னு சொல்லு!"

ரெண்டு பேரும் ஒரே அறையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தந்தி மாதிரி நான்.

எட்டாவதோடு நின்றவள் என்ன தீர்ப்பு சொல்ல? எங்கள் கிருமாம்பாக்கத்தில் பொண்ணு பார்த்தாலும், போர்வெல் போட்டாலும் அம்மனிடம் பூ கேட்பதுதான் வழக்கம். இந்தப் பூ இதற்கு, அந்தப் பூ அதற்கு என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு, வெள்ளையையும் சிவப்பையும் தனித்தனி இலையில் மடித்துப் போடவேண்டும். பூசாரி ஒன்றை எடுப்பார். வருகிற பூதான் உத்தரவு.

"இன்னாம்மா, சின்னவனுக்குப் பொண்ணா?" என்றார் பூசாரி.

"கம்ப்யூட்டருக்கு மொழிப்பா."

"அதெல்லாம் அம்மனுக்குத் தெரியுமா?"

"அவளுக்குத் தெரியாதது இன்னா கீது?"

மடிப்பைப் பிரித்தார். சிவப்பு! கன்னத்தில் போட்டுக்கொண்டு, கற்பூரம் ஏற்றிவிட்டு வேகமாக நடந்தேன்.

பால் சொசைட்டியைத் தாண்டும்போதுதான் உறைத்தது. சிவப்பை எதற்கு என்று வேண்டினேன்? பேசிக்குக்கா, அசெம்ப்ளிக்கா?

சுத்தமாக மறந்துபோச்சு!

திரும்ப ஓடினேன்.

"ஏம்பா, நான் அம்மங்கிட்ட இன்னா சொன்னேன்?"

"மனசுக்குள்ள வேண்டிக்கினா எனக்கு எப்பிடிம்மா கேக்கும்?"

"அப்ப இன்னொருக்கா போட்டுப் பாத்துடலாம்."

"ஒருதபா சொன்னத மறுபடி கேட்டா உங்க புள்ளைங்களே கோவிச்சிக்குவாங்க. அம்மன் சும்மா வுடுமா?"

வீட்டு வாசலிலேயே ரெண்டு பேரும் நின்றிருந்தார்கள்.

"இன்னா வந்துச்சி?"

"சிவப்பு."

"சிவப்புன்னா?"

"அத மட்டும் கேக்காதீங்கடா."

"அப்ப என்னுதுதான்," என்றான் ராசு.

"உன்னுதா? அது எப்பிடிடா?" என்றான் குமார்.

நேருக்கு நேர் சண்டை! அடுப்படியில் நின்று, "தாயே, கைகலப்பு மட்டும் வேணாம்" என்று வேண்டிக்கொண்டிருந்தேன். கத்திக் கத்திக் கடைசியில் ஒரு வழி வந்தது. கோட்டையைப் பேசிக்கில் வரைவது. ராட்சசன் ஓடுவதை மட்டும் அசெம்ப்ளியில் எழுதுவது.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடா?" என்றான் ராசு.

"நீ எங்கடா எங்கிட்ட பேசுன?"

வெள்ளிக்கிழமை ராட்சசன் பறந்தான். ரெண்டு பேருக்கும் வேலையும் கிடைத்தது.

இப்போது அந்தக் கம்பெனியில் உட்கார்ந்து ஒரு சர்க்கரை ஆலைக்குக் கம்ப்யூட்டரில் சம்பளப் பில் போடுகிறார்கள்.

அது எந்த மொழி என்று நான் கேட்கவேயில்லை.