பிரேக் இல்லாத சீட்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலமென்று உங்கள் அத்தை சொல்கிறாள்; எனக்கு அதில் சந்தேகம் உண்டு. அங்கு உங்கள் நலத்தையும், என் மகள் நலத்தையும், பேத்திக்கு இருமல் குறைந்ததா என்பதையும் எழுதவும்.

உங்கள் போக்குவரத்து ஆபீஸ் பஸ் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்ததும், எல்லாரும் காரை விட்டுவிட்டு பஸ்ஸில் போனால் புகை குறையும், வெயிலும் வருஷத்துக்கு வருஷம் இப்படி ஏறாது என்று நீங்கள் சொன்னதும் நியாயம்தான். பேத்தி மூச்சு வாங்குவதைப் பார்த்துத்தான் ஒரு மாசம் என் சொந்தக் காரைத் தொடமாட்டேன் என்று உங்களுக்கும் அவளுக்கும் வாக்குக் கொடுத்தேன். அதற்காக, 'டிரைவிங் ஸ்கூல் முதலாளியே பஸ்ஸில்தான் வருகிறார்' என்று என் போட்டோவோடு நோட்டீஸ் அடித்து பஸ் பின்னாடி ஒட்டுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. நோட்டீஸில் சிரிக்கிறேன், பஸ்ஸுக்குள்ளே நடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் என்னவென்றால், இருபத்தாறு வருஷமாக கத்துக்குட்டிகளுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவன் நான். என் காலடியில் எனக்கென்று தனி பிரேக் இருக்கும். அந்த தைரியத்தில்தான் காலம் ஓடியது. பஸ்ஸில் அது இல்லை. எதிரே லாரி வந்தால் என் கால் என்னைக் கேட்காமலே மிதித்துவிடுகிறது. முதல் நாள் மிதித்தது ஒரு நர்சம்மாவின் காலை. "ஏன் சார், நானே பன்னிரண்டு மணி நேரம் நின்னுட்டு வரேன், மிதிக்க உங்களுக்கு வேற கால் கிடைக்கலையா?"ன்னு கேட்டாங்க. ரெண்டாம் நாள் பக்கத்து சீட்டுக்காரர் கீழே வெச்சிருந்த சாப்பாட்டு டப்பா; தட்டையாயிடுச்சு மாப்பிள்ளை. இன்னைக்கு ஒரு வளைவுல பஸ் வேகமா திரும்புச்சா, நான் வழக்கம்போல "பிரேக்! பிரேக்!"ன்னு கத்திட்டேன். டிரைவரும் மிதிச்சுட்டாரு. மொத்த ஜனமும் ஒருத்தர் மேல ஒருத்தரா வந்து விழுந்துச்சு. "எவன்யா கத்துனது?"ன்னு கண்டக்டர் கேட்க, அத்தனை கையும் என்னைக் காட்டுச்சு. டிரைவர் திரும்பிப் பார்த்து, "அட, நம்ம வாத்தியாரு! உங்க குரலைக் கேட்டதும் கால் தானா மிதிச்சிடுச்சு சார்"னாரு. யாருன்னு பார்த்தா, என் ஸ்கூல் காரைக் கொண்டுபோய் பல் டாக்டர் வீட்டுப் படியில ஏத்தினவன்! லைசென்ஸ் டெஸ்டுல நாலு தடவை ஃபெயில். "பயப்படாதீங்க சார், இப்ப நல்லா ஓட்டுறேன்"னு என் முகத்தைப் பார்த்தே சொல்றான், பஸ் கிளம்பிப் போயிட்டிருக்கு! நெஜமாவே பயமா இருக்கு மாப்பிள்ளை.

ஆகையால் என்னை அந்த வாக்கிலிருந்து விடுவித்து, போட்டோவையும் கிழித்துவிடும்படி கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். நாளை முதல் எனக்குக் கார்தான். ஆபீஸில் உங்களுக்குத் தலைகுனிவு வந்தால் மன்னிக்கவும். பேத்தியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். எனக்கு அந்த தைரியமும் இல்லை.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க ஆசீர்வதிக்கும்,
மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்தபிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த பஸ்ஸில் தினமும் அறுபது உயிர் போகிறது, வருகிறது. அவனோ என் குரலுக்குத்தான் பிரேக் போடுகிறான். கார் சாவியை உங்கள் அத்தையிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த மாசத்துக்கும் பாஸ் அனுப்பிவையுங்கள். நான் ஏறாவிட்டால் அவனிடம் யார் கத்துவது?