பன்னிரண்டு அட்டை ஆங்கிலம்

பிள்ளைகளே, நீங்கள் தப்பு செய்தால் அதற்குப் பெயர் தப்பு. அப்பாக்கள் தப்பு செய்தால் அதற்குப் பெயர் ‘எல்லாம் உன் நல்லதுக்குத்தான்’. இந்த இரண்டாவது வகைத் தப்பில் நான் பெரிய ஆள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுத் தறியில் உட்கார்ந்தவன். அதனால் எனக்குத் தெரியாத விஷயங்களில்தான் எனக்கு உறுதி அதிகம். (தெரிந்த விஷயம் என்றால் கொஞ்சமாவது சந்தேகம் வருமே.)

என் மகள் பவித்ரா அப்போது இரண்டாம் வகுப்பு. ஆரணியில் எங்கள் தெருவை அடுத்தே பள்ளிக்கூடம். அந்த வருடம் தலைமை ஆசிரியை பெற்றோர்களை வரவழைத்து ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். தாளில் ஒரே ஒரு கேள்வி. ‘உங்கள் பிள்ளை இந்தப் பள்ளியில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?’

எங்களிடம் யாரும் அதுவரை இப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் பரீட்சைக்கு வந்தவர்கள்போல முழித்தோம். பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தோம். எனக்கு முன்னால் இருந்த அம்மாவுக்கு எழுதத் தெரியாது. ஆசிரியையிடம் வாயால் சொன்னார்.

“பஸ்ஸு போர்டு படிக்கணும் டீச்சர். நான் கண்ணமங்கலம் போறேன்னு ஏறி சேத்துப்பட்டுல போயி எறங்கினவ. எம்பொண்ணுக்கு அந்த பேஜாரு வாணாம்.”

“எதிர்ப்பேச்சு பேசக்கூடாதுன்னு சொல்லிக் குடுங்க, அது போதும்” என்றார் பின்னால் இருந்தவர். இன்னொருவர் கையெழுத்து நேராக வரவேண்டும் என்று கோணல் கையெழுத்தில் எழுதினார்.

நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். என் தாளில் பெரிதாக, ‘இங்கிலீஷ். இங்கிலீஷ் மட்டும்’ என்று எழுதி, தாள் கிழியும்வரை அடிக்கோடு போட்டேன்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. முந்தின வருடம் வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில், என் அப்பாவின் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒரு டாக்டரும் அந்தப் பக்கம் ஒரு டாக்டரும் நின்று இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். நடுவில் நான் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துத் தலையாட்டினேன். அவர்கள் பேசியது என்ன என்று நான்கு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அப்போது அப்பா இல்லை. அந்த மாதிரி ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் என் மகள் என்னைப்போலத் தலையாட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. அவ்வளவுதான் என் ஆசை. ஆசை நல்லதுதான். அதைக் கையில் எடுத்த ஆள்தான் சரியில்லை.

ஆண்டு விழா வந்தது. கல்வி அதிகாரி ஒருவர் வருகிறார் என்றார்கள். என் மகள் இங்கிலீஷில் பேசுவாள் என்று நானாகப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டேன். சேத்துப்பட்டில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கும் என் மச்சான் முரளி கல்வியின் பெருமை பற்றி ஒரு பேச்சு எழுதிக் கொடுத்தான். அதைத் தமிழ் எழுத்தில் மாற்றிப் பன்னிரண்டு அட்டைகளில் நான் எழுதினேன். ‘குட் மார்னிங். ரெஸ்பெக்டட் சீஃப் கெஸ்ட்’ என்று ஆரம்பித்து ‘தேங்க் யூ’ என்று முடியும்.

“இதுக்கு இன்னா அர்த்தம்பா?” என்று மூன்றாவது அட்டையில் பவித்ரா கேட்டாள்.

“அர்த்தம் அப்பறமா வரும். மொதல்ல வாய்ல வரட்டும்.”

(எனக்கும் தெரியாது. அதை எப்படி அவளிடம் சொல்வது?)

ஒருநாள் ஒத்திகையில் மின்விசிறிக் காற்றுக்கு அட்டைகள் பறந்து கலைந்துவிட்டன. பிள்ளை ‘தேங்க் யூ’ சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தாள். இனி கலையக்கூடாது என்று அட்டைகளை நூலால் கோத்தேன்.

இங்கேதான் என் தொழில் என்னைக் கவிழ்த்தது. பட்டுப்புடவைக் கரையில் வரிசையாக மயில் நிற்கிறதே, அது எப்படி வருகிறது தெரியுமா? தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். ஓட்டை போட்ட அட்டைகளை நூலால் கோத்து அதில் தொங்கவிடுவோம். ஒவ்வொரு மிதிக்கும் ஓர் அட்டை நகரும். அந்த ஓட்டைகள் சொல்கிறபடி பெட்டி இழைகளைத் தூக்கும். கடைசி அட்டையை முதல் அட்டையோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுவோம். அப்போதுதான் ஒரு மயில் முடிந்ததும் அடுத்த மயில் வரும். அட்டை தீரவே தீராது.

இருபது வருடமாக அட்டை கோத்த கை. பவித்ராவின் பன்னிரண்டாவது அட்டையையும் முதல் அட்டையோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. எனக்கு அது தெரியக்கூட இல்லை.

விழா அன்று மதியம், மேடைக்குப் பின்னால் அவளுக்கு மூன்று புத்தி சொன்னேன். “அட்டை இருக்கறவரைக்கும் பேசு. நடுவுல நிறுத்தாத, தறிய நடுவுல நிறுத்துனா சேலைல கோடு விழுந்துடும் பாரு, அந்த மாதிரி. மேடைல ஒரு வார்த்த தமிழ் வரக்கூடாது.” அவளுக்குத் தொண்டை வறளக்கூடாது என்று ஒரு பெரிய சொம்பு தண்ணீரையும் குடிக்க வைத்தேன்.

நானே நெய்த இளம்பச்சைப் பட்டுப் பாவாடையில் பவித்ரா மேடை ஏறினாள். கணீர் என்று பேசினாள். ‘தேங்க் யூ’ வந்தது. எல்லோரும் கைதட்டினோம். கைதட்டல் ஓய்ந்ததும் அவள் கையில் அட்டை புரண்டது. “குட் மார்னிங். ரெஸ்பெக்டட் சீஃப் கெஸ்ட்.”

முன்வரிசைப் பிள்ளைகள் பழக்கதோஷத்தில் எழுந்து, “குட் மார்னிங் மிஸ்” என்று பாடிவிட்டு உட்கார்ந்தார்கள். அதிகாரி சிரித்தார்.

என் மனைவி சுமதி என் தொடையைக் கிள்ளினாள். “இன்னாங்க, சொன்னதையே சொல்லிகினு இருக்கா?”

“இங்கிலீஷ்ல அப்டித்தான். ரெண்டு வாட்டி சொல்லுவாங்க.”

“உங்களுக்கு எப்டித் தெரியும்?”

“சும்மா இரு.”

மூன்றாவது ‘குட் மார்னிங்’ வந்தபோது யாரும் எழவில்லை. தலைமை ஆசிரியை எழுந்தார். “பேசட்டும் மேடம், கொழந்தைய நடுவுல நிறுத்த வேணாம்” என்று அதிகாரி தடுத்தார். நல்ல மனிதர். அன்று அங்கிருந்த எல்லோரும் நல்ல மனிதர்கள்தான்.

பவித்ரா என்னைப் பார்த்தாள். கால்களைப் பின்னிக்கொண்டு நின்றாள். வாய் இங்கிலீஷ் பேசியது, கண் வேறு ஏதோ பேசியது. பயப்படுகிறாள் என்று நினைத்து, “போ, போ” என்று கையைக் காட்டினேன். அந்தக் கையை இப்போதும் சில சமயம் நான் உற்றுப் பார்ப்பதுண்டு.

ஏழாவது அட்டையில் இளம்பச்சை கரும்பச்சையானது. பட்டு எதையும் மறைக்காது. மேடையில் தண்ணீர் கோடாக ஓடியது. முதலில் ஒரு பிள்ளை சிரித்தது, பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது. பவித்ரா நிறுத்தவில்லை. கண்ணில் நீர் வழிய எட்டாவது அட்டையைப் புரட்டினாள். தலைமை ஆசிரியை ஓடிப்போய் அட்டைகளைப் பிடுங்கிவிட்டு அவளை அணைத்துக்கொண்டார். ஆசிரியையின் தோளில் முகம் புதைந்த பிறகும் ஒன்பதாவது அட்டை முணுமுணுப்பாகக் கேட்டது. மேடை மைக் அப்போதும் அணையவில்லை.

அதன் பிறகு பவித்ரா பள்ளியில் வாய் திறக்கவில்லை. வீட்டில் பேசுவாள். பள்ளி வாசலில் கால் வைத்தால் உதடு பூட்டிக்கொள்ளும். வருகைப் பதிவுக்குக்கூடக் கையை மட்டும் தூக்குவாள். அரையாண்டுத் தேர்வில் படிக்கச் சொன்ன பாடத்தை விரலால் தொட்டுக்கொண்டே போனாளாம், சத்தம் மட்டும் வரவில்லையாம். இங்கிலீஷ் வேண்டும் என்று போனவன், பிள்ளையிடம் இருந்த தமிழையும் தொலைத்துவிட்டு வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலை சீவிக்கொண்டிருந்தவளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “ஏம்மா, அன்னிக்கி டீச்சர்கிட்ட சொல்லியிருக்கலாமே? ஒண்ணுக்கு வருதுன்னு?”

“அட்டை இன்னும் இருந்துதே.”

“இருந்தா இன்னா, சொல்லிட்டுப் போவலாமில்ல.”

அவள் சீப்பைக் கீழே வைத்தாள். “மேடைல தமிழ் பேசக்கூடாதுன்னு சொன்னியே. இங்கிலீஷ்ல அத எப்டி சொல்றதுன்னு எனக்குத் தெரியலப்பா.”

எனக்கும் தெரியாது, பிள்ளைகளே. கல்வியின் பெருமையைப் பற்றிப் பன்னிரண்டு அட்டை எழுதத் தெரிந்த எனக்கு, ஏழு வயதுப் பிள்ளைக்கு உண்மையில் தேவைப்பட்ட ஒரே ஒரு வாக்கியம் தெரியவில்லை.

மறுநாள் தலைமை ஆசிரியையிடம் போய் அந்தப் பழைய தாளைக் கேட்டேன். பீரோவில் இருந்து தேடி எடுத்துக் கொடுத்தார். நான் எழுதியதை அடித்துவிட்டுக் கீழே எழுதினேன். ‘கஷ்டம் வந்தால் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எந்தப் பாஷையில் என்றாலும் சரி.’

அவர் படித்தார். “இத மொதல்ல நாங்க கத்துக்கணும்ங்க. அன்னிக்கி நானும் எழுந்து நின்னேனே தவிர ஒடனே போகலயே” என்றார்.

அந்த வாரம் இரண்டாம் வகுப்பு முழுவதற்கும், ஒண்ணுக்குப் போக அனுமதி கேட்கும் இங்கிலீஷ் வாக்கியத்தை அர்த்தத்தோடு சொல்லிக்கொடுத்தார். தமிழில் கேட்டாலும் விடுவோம் என்றும் சொன்னார். விளைவு பயங்கரம். நாள் முழுக்க ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வெளியே போனார்களாம், பாடமே நடக்கவில்லையாம். பஸ் போர்டு அம்மா என்னைத் தெருவில் மறித்து, “எம்பொண்ணு வூட்லயும் இங்கிலீஷ்ல பர்மிஷன் கேட்டுகினு நிக்கிறா, நான் இன்னா பதில் சொல்றது?” என்று சண்டை பிடித்தார்.

கோடை விடுமுறைக்குச் சில நாட்கள் இருக்கும்போது தலைமை ஆசிரியை ஆள் அனுப்பினார். தறியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். வாசலிலேயே நின்று, “உங்க பொண்ணு கேட்டுட்டா” என்றார். “தமிழ்லதான் கேட்டா. ஆனா சத்தமா கேட்டா.”

பவித்ரா இப்போது ஏழாம் வகுப்பு. இங்கிலீஷ் சுமாராக வரும். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று கையைத் தூக்குகிறாள், பாடம் நகர மாட்டேன் என்கிறது என்று அவள் ஆசிரியர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன்.

போன வருடம் முரளியின் நிச்சயதார்த்தத்தில் பெண் வீட்டாருக்கு நன்றி சொல்ல நான் எழுந்தேன். தொண்டையைச் செருமினேன். அதற்குள் பந்தியில் இருந்து பவித்ராவின் குரல்.

“யாருக்காவது ஒண்ணுக்கு வந்தா இப்பவே போயிட்டு வந்துடுங்க. எங்கப்பா பேசப் போறாரு.”

எங்கள் வீட்டார் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நான்கு வருடமாக அந்தப் பேச்சை யாரும் எடுத்ததில்லை. அவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு சுமதி, பிறகு பந்தி முழுக்க. நான் நன்றி சொல்லாமலே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்தில் நான் எழுந்து நின்றாலும், நான்கு பேராவது செருப்பைத் தேடுகிறார்கள்.