‘பாத்துக் குடுங்க’ என்றால் எவ்வளவு?

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மாமாவுக்கு,

உங்கள் அக்காவின் இரண்டாவது மகள் வணக்கத்துடன் எழுதுவது. நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும் என்று தமிழ் மிஸ் சொல்லியிருக்கிறார். ஆகவே, நீங்கள் நலமா? அத்தை நலமா? புது வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? அடுத்ததாக, இங்கே எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடுகிறேன்.

இதை நான் எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். எங்கள் ஹாலின் நடுவில் ஒரு பெரிய தொட்டி கிடக்கிறது. அதற்குள் உட்கார்ந்து, டார்ச்சைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு எழுதுகிறேன். குனிந்துகொண்டால் வெளியே யாருக்கும் தெரியாது. இந்தத் தொட்டி வீட்டுக்கு வந்த நாள் முதல் யாருக்காவது உபயோகப்பட்டது என்றால் அது இன்று எனக்குத்தான். உள்ளே அப்பா குறட்டை விடுகிறார். குறட்டை நின்றால் என் பேனாவும் நின்றுவிடும். அங்கங்கே எழுத்து நடுங்கியிருந்தால் அதுதான் காரணம். “இந்த விஷயம் உன் மாமன் காதுல விழுந்துச்சுன்னா, உன் காத பிச்சு கைல குடுத்துடுவேன். அவன்கிட்ட சொல்றதும் மைக் வெச்சு சொல்றதும் ஒண்ணு” என்று அப்பா சொல்லியிருக்கிறார். இது அப்பாவின் கருத்து மாமா, என்னுடையது இல்லை.

ஆனாலும் எழுதுகிறேன். ஏனென்றால் நீங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் வராவிட்டால் அக்காவின் கல்யாணம் நின்றுவிடும். நீங்களே தேடி, நீங்களே பேசி, நீங்களே இனிப்பு வாங்கிக் கொடுத்து முடித்த கல்யாணம். அது நிற்கப் போவது வேறு எதனாலும் இல்லை, நான் உட்கார்ந்திருக்கும் இந்தத் தொட்டியால்.

ஆரம்பம் அம்மாவின் முதுகு. அச்சகத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டே தாள் மடித்து மடித்து அம்மாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. டாக்டர் வெந்நீரில் உட்காரச் சொன்னார். ஒரு பெரிய அண்டாவும் ஒரு முக்காலியும் இருந்தாலே போதும் என்றுதான் அம்மா சொன்னாள். அப்பாதான், “சம்பந்தியே குளியலறைச் சாமான் கடை வெச்சிருக்கும்போது நாம அண்டாவுல உக்காந்தா அவருக்கு எவ்வளவு கேவலம்?” என்றார். அண்டாவில் உட்காரப் போவது அம்மா, கேவலம் சம்பந்திக்கு. அது எப்படி என்று கேட்டேன். போய்ப் படி என்றார்.

அந்தக் கடையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வாசலில் ‘ஒரே விலை’ என்று ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருப்பார்கள். அதனால் ஊரில் சம்பந்தியின் பேரே ‘ஒரே விலை’ ஆகிவிட்டது. சொந்தத் தங்கைக்கே ஒரு குழாய்த் திருகைக் காசு குறைக்காமல் விற்றவர் என்று பெருமையாகச் சொல்வார்கள். எங்கள் அப்பாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ் டிப்போவில் டைம்கீப்பர் வேலையை விட்டுவிட்டுப் பேரம் பேசுவதையே தொழிலாகச் செய்திருந்தால் இந்நேரம் பங்களா கட்டியிருப்பார். பல் டாக்டரிடமே, “ஒரு பல்லுக்கு இவ்வளவுன்னா, மூணு பல்லா எடுத்தா என்ன போடுவீங்க?” என்று கேட்டவர். அன்றைக்குப் பிடுங்க வேண்டியிருந்தது ஒரு பல்தான். இப்படிப்பட்ட இரண்டு பேர் நேருக்கு நேர் வருகிறார்களே, என்ன ஆகுமோ என்று நான் கதவோரமாகவே நின்றேன். நான் பயந்தது ஒன்று, நடந்தது வேறு.

எங்களைப் பார்த்ததும் சம்பந்தி ஓடி வந்தார். அப்பா இந்தக் குளியல் தொட்டியைக் காட்டி, “இது நல்லாருக்கே” என்றார். அவ்வளவுதான். சம்பந்தி பாய்ந்து போய் அதில் ஒட்டியிருந்த விலைச் சீட்டைக் கிழித்தார். அவசரத்தில் பாதிதான் கிழிந்தது. மீதிப் பாதியில் ‘500’ என்று கடைசி மூன்று எண்கள் மட்டும் தெரிந்தன. அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு, “நமக்குள்ள என்ன விலை? எடுத்துட்டுப் போங்க” என்றார். அப்பா, “அதெப்படி? விலையச் சொல்லுங்க” என்றார். “உங்ககிட்ட போயி விலை சொல்வேனா?” “சொல்லலேன்னா எடுக்க மாட்டேன்.” “எடுக்கலேன்னா நான் வருத்தப்படுவேன்.” “நீங்க வருத்தப்படக் கூடாதுன்னுதான் விலை கேக்கறேன்.” பத்து நிமிஷம் இப்படியே போனது. கடைசியில் சம்பந்தி, “சரி, உங்க திருப்திக்கு, ஏதோ பாத்துக் குடுங்க” என்றார்.

மாமா, இந்தப் ‘பாத்துக் குடுங்க’தான் எங்கள் வீட்டுக்குள் புகுந்த பாம்பு. எத்தனை என்று ஒரு எண்ணைச் சொன்னால் குறைக்கலாம், கூட்டலாம், கடன் வாங்கலாம். பாத்துக் கொடு என்றால் எதைப் பார்த்து? யார் முகத்தைப் பார்த்து?

மறுநாளே தொட்டி வந்துவிட்டது. குளியலறைக் கதவுக்குள் நுழையவில்லை. சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள், கதவைக் கழற்றினார்கள். கழற்றிய கதவு இன்னும் பால்கனியில் இருக்கிறது. குளிக்கப் போகிறவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும் என்பது இப்போது வீட்டுச் சட்டம். தொட்டி ஹாலில் தங்கிவிட்டது. மாடிவீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “மீன் வளக்கப் போறீங்களா?” என்று கேட்டார். தூக்கி வந்தவர்கள் கூலி கேட்டபோது அப்பா அரை மணி நேரம் பேரம் பேசினார். அன்று முழுக்க அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அந்த அரை மணி நேரம்தான்.

பிறகு நியாயமான விலை எது என்று ஆராய்ச்சி தொடங்கியது. ஒரு கடையில் இதே தொட்டி அறுபத்திரண்டாயிரத்து ஐந்நூறு என்றார்கள். இன்னொரு கடையில் எண்பத்தைந்தாயிரத்து ஐந்நூறு. எங்கள் குழாய் ரிப்பேர்க்காரர் தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நாப்பதுக்கு மேல குடுத்தா உங்களுக்கு நல்லா நாமம் போட்டுட்டாங்கன்னு அர்த்தம்” என்றார். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வந்த விடையை அப்பா ஐந்நூறில் முடியும்படி கொஞ்சம் தட்டி, அறுபத்திரண்டாயிரத்து ஐந்நூறு என்று முடிவு செய்தார். “அந்த ஐந்நூறு மட்டும்தாம்ப்பா உறுதியாத் தெரியும். அத மட்டும் குடுத்துடலாமே” என்றேன். ஹாலில் எனக்கு ஒரு வாரம் தடை.

அப்பா உறையில் பணத்தைப் போட்டுக்கொண்டு போனார். சம்பந்தி எண்ணிப் பார்த்து, இருபதாயிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அப்பாவின் சட்டைப் பையிலேயே திணித்து அனுப்பிவிட்டார். யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள், இல்லையா? அம்மா சந்தோஷப்பட்டாள். “முதுகு வலி போன மாதிரி இருக்கு” என்றாள். அப்பாவும் செருப்பைக் கழற்றியபோது பாதி சந்தோஷமாகத்தான் இருந்தார். அப்போது அக்கா ஆஸ்பத்திரி லேப்பிலிருந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ரொம்ப அமைதியாக, “பரவால்லப்பா. நாளைக்கு அந்த வீட்ல யாராவது ‘உங்கப்பா இருபதுக்கு அமுக்கிட்டுப் போனவர்தானே’ன்னு சொன்னா, நான் சமாளிச்சுக்கறேன்” என்றாள். எவ்வளவு பொறுமை பாருங்கள் அவளுக்கு. அப்பா கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

அதிலிருந்து ஏலம்தான் மாமா, தலைகீழ் ஏலம். அப்பா எழுபது என்றார். “அப்ப நான் சம்பந்திகிட்டயே லாபம் பாக்கறவன்னு சொல்றீங்களா?” என்று கேட்டு அவர் இருபதிலிருந்து பத்துக்கு இறங்கினார். அப்பா எழுபத்தைந்துக்கு ஏறினார். அவர் வாங்கிய இருபதில் பத்தைத் திருப்பி அனுப்பி, கூடவே ஆறு பூத்துவாலையும் அனுப்பினார். அப்பா துவாலைகளைத் திருப்பி அனுப்பினார். ஒன்றை மட்டும் அம்மா ஏற்கெனவே நனைத்துவிட்டாள், அதற்குத் தனியாக ஒரு சண்டை. “எழுபத்தஞ்சா? நம்மகிட்ட இருக்கறதே அறுபத்தஞ்சு!” என்று அம்மா கத்தினாள். “அவர் வாங்கவா போறாரு? சும்மா ஒரு மரியாதைக்குச் சொன்னேன்” என்றார் அப்பா. “வாங்கிட்டா?” என்று அம்மா கேட்டாள். அப்பா அதை யோசித்திருக்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

பாவம் அக்கா. லேப்பில் நாள் முழுக்க ஊசியும் ரத்தமுமாக நின்றுவிட்டு வந்து, தினமும் மொட்டைமாடிக்குப் போய் மாப்பிள்ளையிடம் போனில் சமாதானம் பேசுகிறாள். அவள் எவ்வளவு பேசினாலும் பலன் இல்லை. பேசிய மறுநாள் சண்டை இன்னும் பெரிதாகிறது. ஆனாலும் அவள் மனம் தளரவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள். நேற்று தலை பின்னும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தாள். துக்கம் அளவுக்கு மீறினால் இப்படித்தான் ஆகும் என்று என் சிநேகிதி சொல்கிறாள்.

இன்று சாயங்காலம் முற்றிவிட்டது. சம்பந்தி போன் செய்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டார். “பத்துக்கு மேல ஒரு பைசா வாங்க மாட்டேன்!” என்று அங்கிருந்து சத்தம். “எழுபத்தஞ்சுக்குக் கீழ ஒரு பைசா குறைக்க மாட்டேன்!” என்று இங்கிருந்து சத்தம். “என்னக் கேவலப்படுத்தறீங்க!” “நீங்கதான் என்னப் பிச்சைக்காரன் ஆக்கறீங்க!” தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். யார் வாங்குகிறவர், யார் விற்கிறவர் என்று அவர்களுக்குப் புரிந்திருக்காது. அப்பா போனை வைத்துவிட்டு, “ஞாயித்துக்கிழமை காலைல வண்டி சொல்லிட்டேன். தொட்டிய ஏத்தி அந்தாள் கடை வாசல்ல இறக்கிட்டு வந்துடறேன். தொட்டியும் வேணாம், சம்பந்தமும் வேணாம்” என்றார். அம்மா தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, “முதுகு வலிக்குதுன்னு வாயத் தொறந்தேனே, அந்த வாயத் தச்சிருக்கணும்” என்று அழுதாள். அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா இதில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு சொம்பு வெந்நீர்கூட ஊற்றி உட்காரவில்லை. விலை முடியாமல் நனைக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. தினமும் குனிந்து குனிந்து இதைத் தூசி துடைத்ததில் அம்மாவுக்கு வலி இடுப்புக்கும் இறங்கியிருக்கிறது.

நீங்கள் ஒருத்தர் வந்து இரண்டு பக்கத்தாரையும் உட்கார வைத்துப் பேசினால் சரியாகிவிடும். உங்களைத் தவிர இரண்டு வீட்டுக்கும் பொதுவானவர் யாரும் இல்லை. காலையில் பள்ளிக்குப் போகிற வழியில் இதைத் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன். ஏதோ தற்செயலாக வந்த மாதிரி வரவும். நான் எழுதினேன் என்று மூச்சு விடாதீர்கள். என் இரண்டு காதுகளும் உங்கள் கையில்.

அத்தைக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும், முக்கியமாக முதுகை. வலித்தால் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
பயத்துடனும் பணிவுடனும்,
உங்கள் அக்கா மகள் (சின்னவள்)

பின்குறிப்பு: மாமா, உறையை ஒட்டுவதற்குள் அக்கா பிடித்துவிட்டாள். டார்ச் வெளிச்சம் மேல்கூரையில் தெரிந்ததாம். நான் கத்தாமல் இருக்க என் வாயைப் பொத்தி, “தள்ளி உக்காருடி” என்று தொட்டிக்குள் இறங்கி, கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். “எழுத்துப்பிழையே இல்ல. விஷயம்தான் முழுக்கப் பிழை” என்றாள்.

“நீ சமாதானம் பேசறியே, அது பிழையா?” என்று கேட்டேன்.

“யாருடி சமாதானம் பேசினா? எங்கப்பாகிட்ட காசு வாங்கினா அவர் மனசு உடைஞ்சுடும்னு அங்க சொன்னேன். காசு குடுக்கலேன்னா என் மரியாதை போயிடும்னு இங்க சொன்னேன். ரெண்டு பேரும் நான் சொன்னத அப்படியே கேட்டாங்க. இவ்வளவு நல்லவங்களா இருப்பாங்கன்னு நானே நினைக்கல.”

மாப்பிள்ளை கெட்டவரா என்று கேட்டேன். கெட்டவர் இல்லையாம். கோபமே வராதாம். எந்த டைல்ஸ் வழுக்கும், எது வழுக்காது என்று முக்கால் மணி நேரம் பொறுமையாகப் பேசுவாராம். கல்யாணத்துக்குப் பிறகு லேப் வேலையை விட்டுவிட்டுக் கடையில் கல்லாவில் உட்காரச் சொன்னாராம். “யோசிச்சு சொல்றேன்னேன். இதுல யோசிக்க என்ன இருக்குன்னு கேட்டார்டி. ஒண்ணும் கோவமா கேக்கல. நிஜமாவே அவருக்குத் தெரியல” என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது.

“அப்பாகிட்ட சொல்லிடேன்” என்றேன். “நான் வேணாம்னு சொன்னா அப்பா மாமாவத் திட்டுவார், அம்மா என்னப் பாத்து அழுவா, மாமா சாப்பிட மாட்டார். இந்தத் தொட்டியால நின்னா யார் மேலயும் யாருக்கும் வருத்தமில்ல பாரு” என்றாள். நீங்கள் கேட்டபோது சரி என்றது அவள் வாய்தானாம். உங்கள் முகத்தைப் பார்த்து வேறு சொல்ல வரவில்லையாம்.

ஆகவே மாமா, மேலே நான் எழுதிய எல்லாவற்றையும் தலைகீழாகப் படித்துக்கொள்ளவும். கண்டிப்பாக ஞாயிற்றுக்கிழமைக்குள் வரவும். ஆனால் எதையும் சரி செய்துவிட வேண்டாம். இன்று போன் சண்டைக்குப் பிறகு குழாய் ரிப்பேர்க்காரர் வேறு வந்து, “நடுவுல ஒரு நாப்பதுல முடிச்சுக்கக் கூடாதா?” என்று அப்பாவின் காதில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அப்பா யோசிக்கத் தொடங்கியிருக்கிறார். அதனால் அக்கா இப்போதுதான் முதல்முறையாகப் பயந்துபோய் இருக்கிறாள். இரண்டு பேரும் ஒத்துப்போய்விடுவார்கள் போலத் தெரிந்தால், தயவுசெய்து நடுவில் உட்கார்ந்து நீங்கள் நியாயம் பேசவும். நீங்கள் நியாயம் பேசி ஒரு சண்டைகூட இதுவரை முடிந்ததில்லை என்று அம்மா சொல்வாள். உங்களைத்தான் நம்பியிருக்கிறோம்.