ஒருமனதாக இனித்த தண்ணீர்

ராஜகீழ்ப்பாக்கம்,
18.5.1991

மரியாதைக்குரிய மைத்துனர் ஸ்ரீரங்கன் அவர்களுக்கு ஏகநாதன் நமஸ்காரம்.

இங்கு நானும் உங்கள் தங்கை காமுவும், மின்சாரம் இருக்கும் நேரங்களில் சௌக்கியம். திருச்சியில் நீங்களும் மன்னியும் எந்நேரமும் சௌக்கியமாக இருக்கப் பகவானைப் பிரார்த்திக்கிறேன்.

ரிட்டையர் ஆனதும் குடிவர எங்கள் பக்கத்து மனையை வாங்கலாமா, தண்ணீர் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். சுலபமான கேள்வி. தண்ணீர் உப்பு. கடிதத்தை இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் எங்கள் காலனிப் பொதுக்குழு கூடி, தண்ணீர் இனிப்புதான் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டதால் சற்று விவரமாக எழுத வேண்டியிருக்கிறது.

கோடையில் கிணறுகள் வற்றிப் போனதால் சங்கம் செலவு செய்து பொதுவில் ஒரு போர்வெல் போட்டது. சங்கத் தலைவர் பட்டாபிராமன் பேங்க்கில் பெரிய உத்தியோகம் பார்த்து ரிட்டையர் ஆனவர். துளை போட்டு முடிகிற வரை குடை பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். அவ்வளவு வெயிலில் நின்ற மனிதருக்கு உப்புத் தண்ணீர் வர நியாயமே இல்லை என்பது அவர் கட்சி. முதல் டம்ளரைக் குடித்துவிட்டு "இளநீர்!" என்றார். அடுத்த டம்ளரைக் குடித்துவிட்டு நான், "ரசத்துக்கு உப்பே போட வேண்டாம்" என்றேன். அன்று முதல் நான் காலனியின் விரோதி.

உண்மையைக் கண்டுபிடிக்கப் பொதுக்குழு கூட்டினார்கள். ஆளுக்கொரு டம்ளர். வீட்டை விற்கப் போகிறவர் அமிர்தம் என்றார். பட்டாபிராமன் சிபாரிசில் பிள்ளைக்கு வேலை வாங்க நினைப்பவர் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். எதிர்வீட்டுத் திரிபுரசுந்தரி மாமி மட்டும், "லேசா கரிக்கறா மாதிரி..." என்று ஆரம்பித்தாள். பின்னால் அவள் அகத்துக்காரர் இருமினார். "காலம்பற ஊறுகாய் சாப்பிட்டேன், அதான்" என்று உட்கார்ந்துவிட்டாள். தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, உப்பு அதிகம் என்று நான் வாங்கி வந்திருந்த முடிவைப் படித்துக் காட்டினேன். பட்டாபிராமன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சோதனை பண்ணினவர் ஒருத்தர். நாம இத்தனை குடும்பம். அவர் தண்ணியைக் குடிச்சாரா சார்? இல்லையே!" என்றார். கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. ஓட்டெடுப்பில் எல்லாக் கைகளும் உயர்ந்தன. காமுவின் கையும்தான். கேட்டால் கொண்டையைச் சரிசெய்தாளாம். கை தூக்காத நான் அன்று கூட்டத்துக்கே வரவில்லை என்று பதிவாயிற்று. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டு வேலை செய்யும் கன்னியம்மாவையாவது கேட்போம் என்று கேட்டேன். "தலைவரு வூட்ல கேட்டா இனிப்புன்றேன், உங்க வூட்ல கேட்டா உப்புன்றேன். ரெண்டு வூட்லயும் பாத்திரம் கீதே சார், நான் இன்னா பண்ண?" என்றாள். நடந்த கூட்டத்தில் இவ்வளவு நேர்மையாக ஒருவரும் பேசவில்லை.

தண்ணீர்தான் இனிக்கிறதே என்று, தினமும் வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரியை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் விடியற்காலையில் ஒரு குடத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சேலையூர்ப் பக்கம் ஒரு கைப்பம்புக்குப் போனேன். அங்கே என் காலனி முழுவதும் வரிசையில் நின்றது. ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். முன்னால் பட்டாபிராமன், குடத்தைத் துண்டால் மூடிக்கொண்டு. பம்புக்குப் பக்கத்து வீட்டு ஞானம்மாள் வாசல் பெருக்கியபடி, "இன்னா சார், உங்காண்ட தண்ணி சக்கரையா கீதுன்னாங்களே! இங்க வந்து நிக்கிறீங்க?" என்று கேட்டாள். வரிசை முழுவதும் மறுபடி வானத்தைப் பார்த்தது. பட்டாபிராமன் அசரவில்லை. "எனக்கு ஷுகர்மா. இனிப்புத் தண்ணி கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் அந்த நிமிஷத்திலேயே சர்க்கரை வியாதி வந்துவிட்டது. நான் சிரித்தேன், அதற்காகச் சங்கத்திலிருந்து எனக்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். சிரிப்பதற்குக்கூட இனி பொதுக்குழுவின் அனுமதி வேண்டும் போலிருக்கிறது, போங்கள்.

ஆகையால் இந்த மனையை வாங்கவே வாங்காதீர்கள். உங்கள் பிராவிடண்ட் ஃபண்டைக் கொண்டுவந்து உப்பில் கரைக்க வேண்டாம். குழந்தைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். மன்னிக்கு நமஸ்காரம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
ஏகநாதன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் காமு படித்துவிட்டாள். "கல்யாணமாகி இத்தனை வருஷம், பேச ஒரு மனுஷா இல்லாம இந்தக் காட்டுல உக்காந்துண்டிருக்கேன். எங்கண்ணா பக்கத்துல வரப்போறான்னு நேத்தி ராத்திரி தூக்கமே வரலை. ஒரு டம்ளர் தண்ணிக்காக அதைக் கெடுப்பேளா?" என்றாள். அழ ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. நானும் மறுபடி ஒரு டம்ளர் குடித்துப் பார்த்தேன். தண்ணீர் இனிப்புதான். சந்தேகமே வேண்டாம். மனைக்கு உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடவும். அட்வான்ஸ் கொடுக்க வரும்போது மறக்காமல் பெரிய கூஜாவில் காவிரித் தண்ணீர் கொண்டுவரவும்.