நிலுவையானந்தரின் தராசு

கடன்காரன் தெருவில் வருகிறான் என்றால் பின்வாசல் வழியாக ஓடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கடனாளிகளே டோக்கன் எடுத்து, வரிசையில் நின்று, முகமெல்லாம் மலர மாடிப்படி ஏறியதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். எங்கள் தெருமுனைச் செருப்புக் கடைக்கு மேலே நிலுவையானந்தர் வந்து இறங்கிய பிறகு தினமும் பார்த்தேன்.

பெற்றவர்கள் அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ தெரியாது. நிலுவையானந்தர் என்பது அவரே சூட்டிக்கொண்ட பட்டம். அவருடைய தத்துவம் ரொம்பச் சின்னது. கிரெடிட் கார்டில் கடன் ஏறுவது செலவு செய்வதால் அல்ல, கார்டில் பேய் ஏறுவதால். இதைவிட இனிப்பான செய்தியை எந்தக் கடனாளி கேட்டிருப்பான்? நான் வாங்கவில்லை, பேய் வாங்கியது. வீட்டில் இருக்கும் பெரிய டிவியைப் பார்த்து அப்படிச் சொல்லிக்கொண்டால் நெஞ்சு எவ்வளவு லேசாகிறது!

பேயைக் கண்டுபிடிக்கும் முறையும் சின்னதுதான். தரைவரை துணி தொங்கும் ஒரு மேஜை. அதன்மேல் பித்தளைத் தராசு. ஒரு தட்டில் கூழாங்கல் இருக்கும். கார்டு எண் சாமியின் கண்ணில் படக்கூடாதாம், அதனால் பக்தர் தன் கார்டைக் கறுப்புத் துணியில் சுற்றி மறுதட்டில் வைக்க வேண்டும். அந்தத் துணி கீழே கவுண்டரில் கிடைக்கும், விலைக்கு. சாமி கண்ணை மூடி முணுமுணுப்பார். பேய் இருந்தால் கார்டுத் தட்டு தொம்மென்று இறங்கும். இதுவரை இறங்காத கார்டு ஒன்றுகூட இல்லை.

பிறகு கார்டை ஒரு மரப்பெட்டியில் போட்டுப் பூட்டுவார். பட்டினி கிடந்து பேய் சாக வேண்டுமாம். பூட்டுவதற்கு முன்னால் மட்டும் பரிகாரக் கட்டணத்துக்காக அதே கார்டை அவருடைய மெஷினில் ஒரு தேய் தேய்ப்பார்கள். ஊரெல்லாம் ஆட்டம் போட்ட பேய் அந்த மெஷினைக் கண்டால் பசுவாக நின்றது. மொத்தமாகக் கட்ட முடியாதவர்களுக்குத் தவணை வசதியும் உண்டு. கடன் தீர்க்கக் கடன். இதற்கு மேல் பத்தியம் ஒன்று இருந்தது. பேங்கிலிருந்து வரும் மெசேஜ்களைப் படிக்கவே கூடாது. படித்தால் பேய்க்குத் தீனி போட்ட மாதிரி.

இந்த மாடிக்குத்தான் ஊசியக்காவும் ஏறினாள்.

ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள் அவள். நோயாளி 'ஸ்' என்று சொல்வதற்குள் ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்துவிடுவாள். அதனால் அந்தப் பெயர். ஊரார் ரத்தத்தை வலிக்காமல் எடுத்தவளிடம் வலிக்காமல் ரத்தம் எடுக்க ஒருவர் வந்து சேர்ந்தார் பாருங்கள், கைதேர்ந்தவர்.

அவளும் புருஷனும் பிரிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பிரியும்போது கரண்டிவரை பங்கு பிரித்தார்கள். இஸ்திரிப் பெட்டி அவருக்கு, மிக்ஸி இவளுக்கு, நல்ல தலையணை இரண்டும் அவருக்கு. மகளை மட்டும் பங்கு போட முடியாது என்பதால் அவள் அம்மாவிடம் இருந்தாள். இப்போது அதற்கும் வழக்கு. கழுத்துவரை கடனில் இருப்பவள் பிள்ளையை எப்படி வளர்ப்பாள், மகளை என்னிடம் தாருங்கள் என்று அவர் கோர்ட்டில் மனுப் போட்டிருந்தார். விசாரணைக்கு இரண்டு மாதம் இருந்தது.

கடன் இருந்தது உண்மை. சம்பளம் வந்ததும் கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகையை ஒழுங்காகக் கட்டிவிடுவாள். மகளுக்குப் புதுப் பை வாங்கவில்லை. தனக்கு ஒரு துணி எடுக்கவில்லை. ஆனாலும் கட்டும்போது திரையில் காட்டும் மொத்தம் போன மாதத்தைவிடக் கூடியிருக்கும். தொட்டே பார்க்காத கார்டில் கடன் எப்படி வளரும்? எதில் செலவானது என்று பேங்க் மெசேஜைத் திறந்து பார்க்க அவளுக்குப் பயம். நாலு பேர் ரத்தத்தைத் தைரியமாகப் பார்க்கிறவளுக்கு, தன் கணக்கைப் பார்க்கத் தைரியம் இல்லை. பேங்கிலிருந்து போன் வந்தால் மகளே எடுத்து, "அம்மா குளிக்கிறாங்க" என்று சொல்லப் பழகியிருந்தாள். அந்தப் பிள்ளையின் கணக்குப்படி உலகத்திலேயே சுத்தமான அம்மா அவளுடைய அம்மாதான்.

நிலுவையானந்தர் கார்டை நிறுத்தார். தட்டு இறங்கியது. பெட்டிக்குள் போன கார்டு ஒரு மாதம் அங்கேயே கிடந்தது. கடன் அப்போதும் ஏறியது. வேறு யாராவது என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள். சாமி அதையே தன் பெருமையாக்கிக்கொண்டார். பூட்டிய பெட்டிக்குள்ளிருந்தே செலவு செய்கிற பேய் என்றால் அது எப்பேர்ப்பட்ட பேய்! கூட்டத்துக்கு முன்னால் அவளை நிறுத்திக் காட்டினார். இறுதிக் கட்டு ஒன்று போட வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம், புருஷன் வழி உறவு ஒருத்தர் சாட்சியாக வந்து நிற்க வேண்டும் என்றார்.

அங்கேதான் அவர் வாயால் கெட்டார். ஏனென்றால் ஊசியக்கா அழைத்துவந்தது நாத்தனாரை.

நாத்தனார் என்றதும் உங்கள் மனதில் ஒரு மூஞ்சி வந்திருக்கும். அதை அழித்துவிடுங்கள். இவள் டிரைவிங் ஸ்கூலில் வண்டி கற்றுத்தருகிறவள். அண்ணன் அண்ணியை விட்டுப் போனானே தவிர இவள் போகவில்லை. வாரம் தவறாமல் வந்து அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு சுற்றுவாள். பேய்க் கதையைக் கேட்டு அவள் சிரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணி, கல்யாணமான புதுசுல கார்டு வாங்குனீங்களே, அதுகூடவே இன்னொரு கார்டு வரலை?"

வந்தது. நிரந்தர வேலை இவளுக்குத்தான் என்பதால் கணக்கு இவள் பெயரில், அதே கணக்கில் புருஷனுக்கும் ஒரு ஆட்-ஆன் கார்டு. அது அவருடைய பர்சில் போய் உட்கார்ந்தது. கரண்டியை எண்ணியவர்கள் பர்ஸைத் திறக்கவில்லை. கடைசியாக அதைப் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது, அவர் எப்போதோ தொலைத்திருப்பார் என்றாள் ஊசியக்கா. நாத்தனாருக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. பத்து ரூபாய்க்குக்கூடத் தங்கையிடம் கைநீட்டும் அண்ணன் அன்று காலையில் நல்ல டயர் கடை எது என்று அவளிடம் கேட்டிருந்தான். அவனுக்குப் போன் போட்டுக் கடையையும் சொல்லி, போகும் நேரத்தையும் கேட்டு வைத்துக்கொண்டு, அதே நேரத்துக்கு அண்ணியோடு மாடி ஏறினாள். வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே ஏறினேன்.

அந்த மாடி முன்பு உடற்பயிற்சிக் கூடமாக இருந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி. சாமி திரை போட்டு மூடியிருந்தார், ஆனால் துணியில் கஞ்சத்தனம் செய்ததில் கீழே ஒரு சாண் கண்ணாடி மூடப்படாமல் இருந்தது. வண்டிக் கண்ணாடியைப் பார்த்தே பிழைக்கிறவள் நாத்தனார். மேஜைக்குப் பின்னால், சாமியின் வலது கால் கட்டைவிரலில் ஒரு நூல் தெரிந்தது. பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

முதலில் தன்னுடைய கார்டையும் ஒரு தடவை நிறுத்துப் பார்க்கச் சொன்னாள். கறுப்புத் துணிப் பொட்டலத்தைத் தட்டில் வைத்தாள். சாமி கண்ணை மூடினார். தட்டு தொம்மென்று இறங்கி மேஜையில் இடித்தது. கூட்டம் மூச்சை இழுத்தது.

"இவ்வளவு கனமான பேயை நான் பார்த்ததே இல்லம்மா," என்றார் சாமி. "உழைக்காம தின்னுற பேய். பல குடும்பத்தோட ரத்தத்தைக் குடிச்சிருக்கு. இதை வீட்டுக்குள்ளயே விடக்கூடாது."

நாத்தனார் பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் காட்டினாள். உள்ளே இருந்தது கார்டுதான், விசிட்டிங் கார்டு. கீழே கவுண்டரில் இலவசமாகக் கொடுத்தது. அதில் நிலுவையானந்தர் சிரித்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் இதோடு தெளிந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? நீங்கள் கூட்டத்தைப் பார்த்ததில்லை. முன்வரிசையில் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர், வாழ்நாளெல்லாம் கூட்டிக் கழித்தவர், எழுந்தார். சந்தேகப்படுகிற இடத்தில் சக்தி வேலை செய்யாது என்றார். சக்தி நன்றாகத்தானே வேலை செய்தது, ஆள்தான் மாறிவிட்டார் என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. அதற்குள் சாமியும் சுதாரித்துக்கொண்டார்.

"என்னைச் சோதிச்சது இருக்கட்டும். இந்த அம்மாவோட கார்டு ஒரு மாசமா என் பெட்டியில பூட்டிக் கிடக்கு. கடன் ஏறியிருக்கா இல்லையா? அதைச் செஞ்சது யாரு?"

எல்லாத் தலைகளும் ஆடின. ஊசியக்காவின் தலையும் ஆடியது.

"அதைத்தான் நானும் கேக்க வந்தேன்," என்றாள் நாத்தனார். "அண்ணி, பேங்குக்குப் போன் போடுங்க. சத்தமா எல்லாருக்கும் கேக்கட்டும்."

போட்டாள். பிறந்த தேதி, அது இது எல்லாம் கேட்டுவிட்டு, பேங்க் பெண் அமைதியாகச் சொன்னாள். "மேடம், உங்க கணக்குல ரெண்டு கார்டு இருக்கு. ரெண்டாவது கார்டு ரெகுலரா யூஸ் ஆகுது. பெட்ரோல், ஹோட்டல், போன வாரம் ஒரு ஷூ கடை."

பேய்க்குக் கால் கிடையாது என்பார்கள். இந்தப் பேய் ஷூ வாங்கியிருந்தது.

அந்த ஒரு வருஷம் முழுக்க மகளுக்குப் பை வாங்காமல், துணி எடுக்காமல், குறைந்தபட்சத் தொகையைக் கட்டிக் கட்டி யாருடைய செலவுக்கு இடம் செய்து கொடுத்தாள் என்று ஊசியக்காவுக்கு இப்போதுதான் புரிந்தது. அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் வந்தது கோபம். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

"ரெண்டாவது கார்டை இப்பவே நிறுத்துங்க," என்றாள்.

நிறுத்தினார்கள். நாத்தனார் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "பேய் இப்ப டயர் கடையில நிக்குது. கொஞ்ச நேரத்துல அதுவே போன் பண்ணும். பொறுங்க."

பேய் போன் பண்ணுமா என்று சாமி சிரித்தார். கணக்காளரும் சிரித்தார். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது, நாத்தனார் நேரத்தைத் தப்பாகச் சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்று.

போன் அடித்தது. ஊசியக்கா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏய், கார்டு ஏன் வேலை செய்யல? நீ என்ன பண்ணித் தொலைச்சே? நாலு டயரும் மாட்டியாச்சு, இப்ப கழட்டுறேங்கிறான். அத்தனை பேர் முன்னாடி மானம் போகுது."

உலகத்திலேயே டயரைக் கழற்றி விரட்டப்பட்ட முதல் பேய் அதுவாகத்தான் இருக்கும்.

"அண்ணா, நான் பேசுறேன்," என்றாள் நாத்தனார்.

ஊசியக்கா போனை வாய்க்கருகே கொண்டுபோனாள். "இந்தக் கடனைக் காட்டித்தான பிள்ளையக் கேட்டீங்க? கோர்ட்டுல பார்ப்போம். உங்க தங்கச்சி சாட்சிக்கு வர்றா." வைத்துவிட்டாள்.

கூட்டத்தில் யாரோ, "அப்போ எங்க பணம்?" என்றார்கள். மிக மெதுவாகத்தான் கேட்டார்கள். ஆனால் நிலுவையானந்தர் அந்தக் கேள்வியின் கனத்தைத் தராசு இல்லாமலே புரிந்துகொண்டார். விருட்டென்று எழுந்து பின்வாசலை நோக்கி நடந்தார். அவசரத்தில் காலை மறந்துவிட்டார். கட்டைவிரல் நூல் இழுத்தது, தராசு சாய்ந்தது, தட்டும் கூழாங்கல்லும் தரையில் உருண்டு அவர் பின்னாலேயே கணகணவென்று ஓடின. ஆடு மணி கட்டிக்கொண்டு போவது போலப் படியிறங்கிப் போனார். பெட்டியை உடைத்து அவரவர் கார்டை அவரவர் எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு எரிச்சல் வந்தது. கீழே இறங்கிய நாத்தனாரைக் கூட்டம் படியிலேயே மறித்தது. முன்னால் நின்றவர் அதே கணக்காளர்.

"அம்மா, பேயையே பேச வெச்சுட்டீங்க. என் கார்டையும் ஒரு தடவை தொட்டுக் குடுங்க."

"நான் ஒண்ணும் பண்ணலை சார். பேங்கு மெசேஜைப் படிங்க, அவ்வளவுதான்."

அவர் பவ்வியமாகக் குனிந்தார். "எந்தத் திசையைப் பார்த்துப் படிக்கணும்மா?"

மகள் அம்மாவிடமே இருக்கட்டும் என்று கோர்ட்டில் முடிவானது. ஷூவுக்கும் ஹோட்டலுக்கும் யார் கட்டுவது என்ற வழக்கு தனியாக நடக்கிறது. பேய் போனதே தவிரக் கடன் போகவில்லை, கட்டினால்தான் போகும். ஊசியக்கா பேங்கில் பேசித் தவணை போட்டுக் கட்டுகிறாள். அந்தத் தவணைக்குள் நிலுவையானந்தரின் பரிகாரக் கட்டணமும் இருக்கிறது. அதைக் கட்டும் மாதமெல்லாம் தன்னையே திட்டிக்கொள்கிறாள். மெசேஜ் வந்தால் உடனே படிக்கிறாள். பேங்கிலிருந்து போன் வந்தால் மகள், "அம்மா இருக்காங்க, பேசுங்க" என்கிறாள்.

செருப்புக் கடை மாடியில் மறுபடியும் ஆள் வந்திருக்கிறார். புதுப் பெயர், புதுத் திரை, இந்தத் தடவை தரைவரைக்கும். வரிசை இப்போதே படியைத் தாண்டிவிட்டது. ஏறுகிறவர்கள் ஏறுங்கள். அங்கே கார்டைத் தேய்ப்பதற்கு முன்னால் மூளையை ஒரு தேய் தேய்த்துப் பாருங்கள். அதற்கு வட்டி கிடையாது.